முதலாண்டு எழுத்துப் பாடம்

பொறியியல், இசை, வணிகம் என எதைப் படிக்கச் சேர்ந்தாலும், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் முதலாண்டிலேயே எழுதித் தேற வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அங்கே இலக்கிய வரலாறோ இலக்கணச் சூத்திரமோ முதன்மை இல்லை. மாணவர் கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர் படித்துத் திருப்பித் தர, மீண்டும் எழுத வேண்டும்.

ஹார்வர்டில் வேர்விட்ட வழக்கம் இது. 1869இல் அதன் தலைவரான சார்லஸ் எலியட், பத்திரிகைத் துறையில் இருந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில்லை 1872இல் ஆசிரியராக அழைத்துவந்தார். இரண்டாண்டில் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை சேர்ந்தது. பெயர்பெற்ற பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதில் பெருமளவில் தோற்றனர். பழி பள்ளிகள் மேல் விழுந்தது. பாரம் கல்லூரிக்கு வந்தது. 1885 முதல் ‘இங்கிலீஷ் ஏ’ முதலாண்டுப் பாடமாயிற்று. பிற கல்லூரிகளும் அதே வழியில் போயின. நெடுங்காலம் இந்த வகுப்பின் பெரும்பகுதி பிழை திருத்தத்திலேயே கழிந்தது.

பிழையை மட்டுமே பார்க்கும் அந்தப் பார்வையை மாற்றியவர்களுள் ஆசிரியர் மீனா ஷாகனெஸி தலையாயவர். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவருக்கும் கதவைத் திறந்தது. கல்லூரி வாசலையே மிதித்திராத குடும்பங்களின் பிள்ளைகள் திரண்டு வந்தனர். அவர்கள் சேர்க்கையின்போது எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஷாகனெஸி ஆராய்ந்தார். அவற்றிலிருந்து 1977இல் வெளிவந்ததுதான் ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்ற நூல். அறிவுக் குறைவாலோ அலட்சியத்தாலோ வந்த பிழைகள் அல்ல அவை. எழுத்துக்குப் புதியவர் தமக்குத் தெரிந்த விதியைக்கொண்டு முட்டி மோதுவதன் தடங்கள் என்று அவர் காட்டினார். அப்படிப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் வாய்த்தால்தான் கட்டாயப் பாடம் தண்டனையாகாமல் இருக்கும்.

1971இல் வெளியான ஜேனட் எமிக்கின் ஆய்வும் முக்கியமானது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எட்டுப் பேரை எழுதும்போதே சிந்தனையை வாய்விட்டுச் சொல்லச் செய்து அவர் கவனித்தார். முடிந்த கட்டுரையிலிருந்து எழுதும் முறைக்குக் கவனம் திரும்ப, முன்வரைவும் திருத்தி எழுதுதலும் பாடத்தின் மையத்துக்கு வந்தன.

எதிர்ப்பும் உண்டு. கட்டாயத்தையே நீக்க வேண்டும் என்று பேராசிரியர் ஷாரன் கிரௌலி 1998இல் வாதிட்டார். இப்பாடத்தைப் பெரும்பாலும் கற்பிப்பவர்கள் ஆய்வு மாணவர்களும் குறைந்த ஊதியத்துக்கு உழைக்கும் பகுதிநேர ஆசிரியர்களும் என்பது அந்த விவாதத்தின் வலிமையான பகுதி. வகுப்பின் அளவும் முக்கியம்: வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேரே சிறந்தது என்று எழுத்து ஆசிரியர்களின் தேசிய மாநாட்டு அமைப்பு பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு தாளையும் நிதானமாகப் படிக்க அதுவே வழி.

கலிஃபோர்னியாவில் 2017இல் இயற்றிய சட்டம், சமுதாயக் கல்லூரி மாணவர்களை இப்பாடத்துக்கு முந்தைய தயாரிப்பு வகுப்புகளில் தேக்கிவைப்பதைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் பெரும்பாலோர் நேரடியாக முதலாண்டு எழுத்துப் பாடத்திலேயே சேர்கின்றனர். தேவைப்படுவோருக்குத் துணை வகுப்பு அதோடு சேர்ந்தே நடக்கிறது.