பெயர் ஒருவருக்கு, ஆலை யாருக்கு? பாரம்பரிய பிராண்டுகள் கைமாறுவது எப்படி: மைசூரு ‘யெஸ்டி’ முதல் பிரிட்டன் ‘மல்பெரி’ வரை

மைசூரு: நலிவடைந்த பாரம்பரிய நிறுவனம் ஒன்றை வாங்க மற்றொரு நிறுவனம் முன்வரும்போது, பேசப்படும் தொகையே பெரும்பாலும் செய்தியின் தலைப்பாகிறது. வாங்கப்படுவது எது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆலையும் தொழிலாளர்களின் கைத்திறனும் சேர்ந்து கைமாறுகின்றனவா, பெயர் மட்டும் கைமாறுகிறதா என்பதைப் பொறுத்தே அந்த நிறுவனத்தை நம்பியிருந்தவர்களின் எதிர்காலம் அமைகிறது. மைசூருவில் 1996ஆம் ஆண்டு மூடப்பட்ட ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் ஆலையும், அதன் ‘யெஸ்டி’ என்ற பெயருக்காக நடைபெற்ற வழக்கும் இதற்குத் தக்க சான்றாகும்.

ஆலை மூடப்பட்டது; பெயர் நிலைத்தது

செக் நாட்டின் ஜாவா நிறுவனத்தை 1929ஆம் ஆண்டு பிரான்டிசெக் யானெசெக் தொடங்கினார். அவரது பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும், ‘வாண்டரர்’ என்ற ஜெர்மானிய நிறுவனப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் இணைந்து ‘ஜாவா’ ஆனது. அந்நிறுவனத்தின் உரிமத்துடன், 1960களின் தொடக்கத்தில் ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி ஆகியோர் மைசூருவின் யாதவகிரிப் பகுதியில் ஐடியல் ஜாவா ஆலையை நிறுவினர்.

உரிம ஒப்பந்தம் நிறைவடைந்த பின்னர், 1970களில் ‘யெஸ்டி’ என்ற சொந்தப் பெயரில் வாகனங்கள் தயாரிக்கப்பட்டன. ஈரானின் யஸ்த் நகரை நினைவூட்டும் பெயர் அது. உதைத்து இயக்கும் நெம்புகோலையே கியர் மாற்றவும் பயன்படுத்தும் அமைப்பு இந்த வாகனங்களின் தனி அடையாளமாக விளங்கியது. 1978இல் அறிமுகமான ‘ரோட்கிங்’ பெரும் புகழ் பெற்றது.

1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுடன் 100 சிசி வாகனங்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடிய அவற்றுடன் 250 சிசி டூ ஸ்ட்ரோக் வாகனங்களால் போட்டியிட இயலவில்லை. புகை மாசு விதிகளும் கடுமையாகின. 1996இல் உற்பத்தி நின்றது. 2001இல் நிறுவனத்தைக் கலைக்குமாறு கர்நாடக உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எனினும், பழைய வாகனங்களைப் பேணி வரும் ஆர்வலர்கள் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஜாவா–யெஸ்டி தினத்தைக் கொண்டாடி வருகின்றனர். மூடப்பட்ட ஆலையின் பெயருக்குச் சந்தையில் மதிப்பு நிலைத்திருந்ததற்கு இந்தப் பற்றும் ஒரு காரணம்.

பெயருக்காக நடந்த வழக்கு

ருஸ்தம் இரானியின் மகனும் கட்டுமானத் தொழிலதிபருமான போமன் இரானி, ‘யெஸ்டி’ என்ற வணிகச் சின்னத்தைத் தமது பெயரில் பதிவு செய்தார். மஹிந்திரா குழுமம் பெரும்பான்மைப் பங்கு வைத்துள்ள கிளாசிக் லெஜெண்ட்ஸ் நிறுவனத்தில் அவரும் பங்குதாரர். அந்நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவாவையும், 2022 ஜனவரியில் யெஸ்டியையும் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால், புதிய வாகனங்கள் மைசூருவில் தயாராகவில்லை. மத்தியப் பிரதேச மாநிலம் பீதம்பூரில் தயாராகின்றன.

கலைக்கப்பட்ட நிறுவனத்தின் சொத்துகளை நிர்வகிக்கும் நீதிமன்றக் கலைப்பு அதிகாரியும், ஐடியல் ஜாவா தொழிலாளர் சங்கமும் பெயர் மீதான இந்த உரிமையை எதிர்த்தனர். ‘யெஸ்டி’ என்ற பெயர் நிறுவனத்தின் சொத்து என்று தீர்ப்பானால், அதை விற்றுக் கிடைக்கும் தொகை கடன் கொடுத்தவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சேரும். தனிநபரின் சொத்து என்று தீர்ப்பானால் அவர்களுக்கு அதில் பங்கில்லை.

2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, வணிகச் சின்னம் கலைப்பில் உள்ள நிறுவனத்துக்கே உரியது என்று தீர்ப்பளித்து, போமன் இரானி பெயரிலான பதிவுகளை ரத்து செய்தார். இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது. 2025 நவம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை ரத்து செய்தது. நீண்ட காலம் பயன்படுத்தாததால் ஐடியல் ஜாவா அப்பெயர் மீதான உரிமையை இழந்துவிட்டது என்பது அமர்வின் முடிவு.

பிரிட்டனில் கைப்பை நிறுவனம்

நிறுவனம் மூடப்படும் முன்பே அதைக் கைப்பற்ற நடந்த முயற்சிக்கு எடுத்துக்காட்டு, பிரிட்டனின் ஆடம்பரத் தோல் கைப்பை நிறுவனமான மல்பெரி. 1971ஆம் ஆண்டு ரோஜர் சால் தொடங்கிய இந்நிறுவனம், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் இரண்டு ஆலைகளை நடத்தி வருகிறது. பிரிட்டன் மண்ணில் தயாராகும் கைப்பை என்பதே அதன் பெருமை.

2024 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில் மல்பெரி, வரிக்கு முன் 3.4 கோடி பவுண்டு இழப்பைச் சந்தித்தது. அவசரமாக நிதி திரட்ட முயன்ற வேளையில், ஏற்கெனவே சுமார் 37 சதவீதப் பங்கு வைத்திருந்த ஃப்ரேசர்ஸ் குழுமம் 2024 செப்டம்பர் இறுதியில் 8.3 கோடி பவுண்டுக்கு நிறுவனத்தை வாங்க முன்வந்தது. அது நிராகரிக்கப்பட்டதும், அக்டோபரில் தொகையை 11.1 கோடி பவுண்டாக உயர்த்தியது. ஆனால், சுமார் 56 சதவீதப் பங்கை வைத்திருந்த, சிங்கப்பூர் தொழிலதிபர் ஓங் பெங் செங் குடும்பத்தின் சாலிஸ் நிறுவனம் விற்க விருப்பமில்லை என்று தெரிவித்துவிட்டது. அதே மாதத்தில் ஃப்ரேசர்ஸ் பின்வாங்கியது. பெரும்பான்மைப் பங்குதாரர் இசையாதவரை, கூடுதல் தொகை மட்டும் நிறுவனத்தைக் கைமாற்றாது என்பதை இது உணர்த்தியது.

டெபன்ஹாம்ஸ் கடைகளில் செய்த முதலீட்டை முன்னர் இழந்த அனுபவத்தை ஃப்ரேசர்ஸ் அப்போது சுட்டிக்காட்டியது. பழம்பெரும் நிறுவனமான டெபன்ஹாம்ஸ் வீழ்ந்தபோது, 2021இல் பூஹூ நிறுவனம் 5.5 கோடி பவுண்டுக்கு அதன் பெயரையும் இணையதளத்தையும் மட்டுமே வாங்கியது. கடைகள் மூடப்பட்டன. பின்னர் 2025இல் பூஹூ தனது குழுமத்துக்கே டெபன்ஹாம்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஊழியர்கள் வேலையிழந்த பின்னரும், அந்தப் பெயர் வேறொரு வணிகத்துக்கு உதவியது.

இந்தியச் சட்டங்கள் கூறுவது என்ன?

* பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் ஒருவர் 25 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாக்குரிமை பெற்றால், பிற பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது மேலும் 26 சதவீதப் பங்கை வாங்க வெளிப்படையாக முன்வர வேண்டும் என்பது செபியின் 2011ஆம் ஆண்டு விதி. சிறு முதலீட்டாளர்கள் நியாயமான விலையில் வெளியேற இது வழிசெய்கிறது.

* 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி, பெயரைத் தொழிலிலிருந்து பிரித்துத் தனியாகவும் விற்கலாம். பதிவை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தொடர்ந்து 5 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத சின்னத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்குமாறு கோரவும் இடமுண்டு.

* 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, நிறுவனம் கலைக்கப்படும்போது, முந்தைய 24 மாதங்களுக்கான தொழிலாளர் நிலுவை, பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களின் பாக்கிக்கு இணையான முன்னுரிமை பெறுகிறது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை நிதி ஆகியவை கலைக்கப்படும் சொத்தில் சேர்க்கப்படுவதில்லை.

விற்க முடியாத பெயர்

இதே மைசூருவில் வேறொரு வழியில் காக்கப்பட்ட பாரம்பரியப் பெயர் மைசூர் பட்டு. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெசவாலை, விடுதலைக்குப் பின் அரசின் பட்டு வளர்ப்புத் துறையிடமும், 1980இல் கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. உரிமையாளர் மாறியபோதிலும் நெசவு மைசூருவிலேயே தொடர்கிறது.

மைசூர் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உள்ளது. வணிகச் சின்னத்தைப் போன்று புவிசார் குறியீட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, உரிமத்துக்கு விடவோ சட்டம் அனுமதிப்பதில்லை. அது பிறந்த மண்ணோடு பிணைக்கப்பட்ட பெயர். யெஸ்டிக்கு அத்தகைய பிணைப்பு இல்லாததால், அது மைசூருவை விட்டுப் பீதம்பூருக்குச் செல்லத் தடையேதும் இருக்கவில்லை.

எனவே, பாரம்பரிய நிறுவனம் ஒன்று கைமாறும் நிலையில், ஊழியர்களும் கடன் கொடுத்தவர்களும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை மூன்று: வணிகச் சின்னம் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியுள்ளதா, தனிநபரின் பெயரில் பதிவாகியுள்ளதா, அப்பதிவு உரிய காலத்தில் புதுப்பிக்கப்பட்டுள்ளதா, விற்பனை ஒப்பந்தத்தில் ஆலையும் பணியிடங்களும் இடம்பெற்றுள்ளனவா. ஆலை மூடப்பட்ட பின்னர் எழுப்பப்பட்டால் இக்கேள்விகளுக்கு விடை காண எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை ஐடியல் ஜாவா வழக்கு காட்டியுள்ளது.