மீன்பாடி வண்டியின் இருதயம்

மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவுகளில் மீன்கள் பாடும் என்று அவ்வூர்க்காரர்கள் சொல்வார்கள். சென்னை மீன்களுக்கு அப்படிப்பட்ட சங்கீத ஞானம் எதுவும் கிடையாது. இருந்தாலும் பட்டினப்பாக்கத்தில் 'மீன்பாடி வண்டி' என்று ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெயரைக் கேட்டவுடன், "ஆகா, என்ன கவித்துவம்!" என்று சொக்கிப் போவார்கள். விஷயம் அவ்வளவு அழகானதல்ல. லாரிக்குப் 'பாடி' கட்டுகிறார்களே, அந்தப் பாடிதான் இதுவும். மீன் ஏற்றுவதற்காகப் பாடி கட்டிய மூன்று சக்கர வண்டி. முன்னால் இரண்டு சக்கரங்களின் மேல் ஒரு பலகை அல்லது பெட்டி. பின்னால் ஒற்றைச் சக்கரம். அதற்கு மேலே ஓட்டுகிறவர். ஆதியில் அவர் காலால் மிதித்துக்கொண்டு போனார். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஸ்கூட்டர் என்ஜின் ஒன்றைக் கொண்டு வந்து அதில் மாட்டினான். அன்று முதல் வண்டி பாடவும் ஆரம்பித்தது. விடியற்காலை நாலு மணிக்கு அந்தப் பாட்டைக் கேட்டு எழுந்தவர்களுக்குத்தான் அதன் ராகம் புரியும்.

அந்தப் புண்ணியவானின் பெயர் சரித்திரத்தில் இல்லை. 1903-ஆம் ஆண்டு மவுண்ட் ரோடு சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டினார். அவர் பெயரைப் புத்தகங்களில் பார்க்கலாம். மீன்பாடி வண்டிக்கு என்ஜின் வைத்தவனைப் பற்றி எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. மனிதனுடைய பூர்வோத்தரம் தெரியாவிட்டாலும், அவன் மாட்டிய என்ஜினின் குலம், கோத்திரம், பிறந்த ஊர் எல்லாம் நன்றாகத் தெரியும். ஆகையால் என்ஜினைப் பிடித்துக்கொண்டே இந்தச் சரித்திரத்துக்குள் போகலாம்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது, இத்தாலியில் பொந்தெதேரா என்ற ஊரில் இருந்த பியாஜ்ஜியோ விமானத் தொழிற்சாலை குண்டு வீச்சினால் இடிந்து கிடந்தது. தோற்றுப் போன நாட்டில் ஆகாய விமானம் யாருக்கு வேண்டும்? ஜனங்கள் ஏறிப் போவதற்கு மலிவாக ஒரு வாகனம்தான் வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பைக் கொர்ரதீனோ தஸ்கானியோ என்ற நிபுணரிடம் ஒப்படைத்தார்கள். 1930-லேயே ஹெலிகாப்டர் கட்டிப் பறக்க விட்ட மனிதர் அவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. சங்கிலியின் எண்ணெய் உடுப்பில் தெறிக்கிறது. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் பிராணன் போகிறது. எனவே அவர் சங்கிலியையே ஒழித்துவிட்டார். என்ஜின், கியர், பின்சக்கரம் மூன்றையும் ஒரே பிண்டமாகச் சேர்த்து வைத்தார். 1946-ல் வெளிவந்த அந்த வண்டிக்கு 'வெஸ்பா' என்று பெயர். அவர்கள் பாஷையில் குளவி. அடுத்த வருஷமே மிலான் நகரத்தில் இன்னோசெந்தி கம்பெனியார் 'லாம்பிரெட்டா'வைக் கொண்டு வந்து போட்டிக்கு நின்றார்கள். 1948-ல் பியாஜ்ஜியோக்காரர்கள் அதே குளவியின் என்ஜினை மூன்று சக்கரப் பார வண்டி ஒன்றில் வைத்து 'ஆப்பே', அதாவது தேனீ, என்று பெயரிட்டார்கள். நம் ஊர் ஆட்டோரிக்ஷாவுக்குத் தாத்தா அந்தத் தேனீதான்.

ஆக, ஸ்கூட்டர் என்ஜினை மூன்று சக்கரத்தில் பூட்டுவது பட்டினப்பாக்கத்தில் உதித்த யோசனை அல்ல. ஆனால் பட்டினப்பாக்கத்து யோசனையில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. தேனீக்குப் பின்னால் இரண்டு சக்கரம். வளைவில் திரும்பும்போது இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற முடியாது. அதற்காக 'டிபரன்ஷியல்' என்ற பல்சக்கரக் கூட்டம் ஒன்று வேண்டும். அதைச் செய்வதற்குத் தொழிற்சாலை வேண்டும். மீன்பாடி வண்டியிலோ இரட்டைச் சக்கரம் முன்னால் இருக்கிறது. என்ஜின் ஓட்ட வேண்டியது பின்னால் உள்ள ஒற்றைச் சக்கரத்தை மட்டுந்தான். டிபரன்ஷியலுக்கு அங்கே வேலையே இல்லை. வெல்டிங் பட்டறை ஒன்று இருந்தால் போதும்.

ஸ்கூட்டர் என்ஜினிலேயே இன்னொரு சௌகரியமும் உண்டு. மோட்டார் சைக்கிளின் என்ஜின், வண்டி ஓடும்போது எதிர்க்காற்று பட்டுத்தான் குளிரும். ஸ்கூட்டர் என்ஜின் தகரத்துக்குள் மூடிக் கிடப்பதால், அதன் காந்தச் சக்கரத்திலேயே விசிறி வைத்திருக்கிறார்கள். வண்டி நின்றாலும், நகர்ந்தாலும், ஊர்ந்தாலும் அதற்குக் காற்று உண்டு. இருநூறு கிலோ மீனையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு சந்தைக் கூட்டத்தில் ஊர்கிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான யந்திரம் வேறு எது?

இந்தியாவில் ஸ்கூட்டர் வந்த கதை நேயர்களுக்குத் தெரிந்ததுதான். 1940-களின் கடைசியில் பஜாஜ் குடும்பத்தார் இத்தாலியிலிருந்து வெஸ்பாவை இறக்குமதி செய்தார்கள். 1959-ல் இங்கேயே செய்யச் சர்க்கார் அனுமதி கிடைத்தது. பம்பாயில் லாம்பிரெட்டா தயாராயிற்று. 1971-ல் இத்தாலியர்களுடன் பஜாஜின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த வருஷம் ராணா பிரதாபனின் குதிரைப் பெயரைத் தாங்கிச் 'சேதக்' வந்தது. அதே 1972-ல் இந்திய சர்க்கார் லாம்பிரெட்டாவின் தொழிற்சாலைச் சாமான்களையே விலைக்கு வாங்கி லக்னோவில் இறக்கினார்கள். பணம் கட்டிவிட்டுப் பல வருஷங்கள் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. அந்தக் காலத்துக் கதைகளில் மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர் கேட்டதற்குக் கணக்கே இல்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பொருளை யார் சுலபத்தில் தூக்கி எறிவார்கள்? ஆபீஸ் குமாஸ்தா ஓட்டினார். மகன் காலேஜுக்கு ஓட்டினான். கடைசியில் துருப்பிடித்து, கூவக் கரையில் புதுப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. புதுப்பேட்டையில் வண்டிக்குத்தான் மரணம்; உறுப்புகளுக்கு மரணமில்லை. கதவு ஒரு கடைக்கு, விளக்கு ஒரு கடைக்கு, என்ஜின் ஒரு கடைக்கு.

இதற்கிடையே தெருவிலும் மாறுதல்கள் நடந்தன. 1973-ல் தமிழ்நாட்டில் கை ரிக்ஷா ஒழிந்தது. மனிதனை மனிதன் இழுக்கலாகாது என்று சைக்கிள் ரிக்ஷா கொடுத்தார்கள். மீனை மனிதன் மிதித்துக்கொண்டு போவதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காசிமேட்டில் ஏலம் எடுத்து, துறைமுகத்தையும் கடற்கரைச் சாலையையும் தாண்டி, மயிலாப்பூர்ப் பக்கம் வந்து சேர்வதற்குள் சூரியன் ஏறிவிடும். சூரியன் ஏறினால் ஐஸ் இறங்கும். ஐஸ் இறங்கினால் விலை இறங்கும். கடல் சமாசாரத்தில் காலதாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது. என்ஜின் வந்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் ஒரு தடவை அந்த வண்டியை மிதித்துப் பார்க்கட்டும்.

பட்டினப்பாக்கத்தில் ஒரு பட்டறையில் இந்த என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கைக்கு அடக்கமான சாமான். பழைய வெஸ்பா 150-இன் சிலிண்டர் துவாரம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 57 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 145 கன சென்டிமீட்டர் சொச்சம் வரும். இரண்டு ஆட்களைச் சுமப்பதற்குப் பிறந்தது. இங்கே நாலைந்து ஆட்களின் பாரத்தைச் சுமக்கிறது. பெட்ரோலில் கலந்த எண்ணெயே அதற்கு ஆகாரம். தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. காசை மிச்சம் பிடிக்க எண்ணெயைக் குறைத்தால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கீறும். பயந்து அதிகம் ஊற்றினால் பிளக்கில் கரி அடைத்து வண்டி நடுத்தெருவில் நிற்கும்.

தேய்மானம் மெள்ள வருகிறது. முதலில் ரிங் தளரும். சிலிண்டர் வட்டமாக இருந்தது கொஞ்சம் நீள்வட்டமாகும். மேட்டில் இழுப்பு குறையும். அப்புறம் கிராங்கின் 'சீல்' கடினமாகிக் கியர் எண்ணெயை உள்ளே உறிஞ்சும். தெரு முழுவதும் வெள்ளைப் புகை. கடைசியில் கனெக்டிங் ராடின் பெரிய முனை ஆடி, 'டக டக' என்று தட்டும். இவை எல்லா ஸ்கூட்டருக்கும் பொது. மீன்பாடி வண்டிக்கென்று தனியாக இன்னொரு வியாதி இருக்கிறது: உப்பு. கடற்காற்று ஒரு பக்கம். மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் மறுபக்கம். பாயின்ட் பூத்துப் போகும். நட்டுகள் இறுகிப் போகும். கழற்றப் போனால் போல்ட்டே முறியும்.

பட்டறைக்காரர் வேலையில் கைதேர்ந்தவர், பேச்சில் சிக்கனம். வண்டிக்காரர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"போர் போட்டுக் குடுத்துடுண்ணே. போன தபா மாதிரியே."

"எத்தினி தபா போடறது? இனிமே சொவுரு தாங்காது. ஸ்லீவ் அடிக்கணும், இல்லாங்காட்டி வேற என்ஜின் பாரு."

"வேற என்ஜின்னா?"

"பைக் என்ஜின்தான். பழசு எங்கே கெடைக்குது?"

சம்பாஷணை சின்னதுதான், ஆனால் இதற்குள் இருபது வருஷத்துச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. சிலிண்டர் தேய்ந்தால் லேத்துப் பட்டறையில் மயிரிழை பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இப்படிச் சில தடவைகள்தான் செய்யலாம். பிறகு உள்ளே ஓர் இரும்புக் குழாயை இறக்கி மறுபடியும் பழைய அளவுக்குக் கொண்டு வரவேண்டும், அதுதான் ஸ்லீவ். எதைச் செய்தாலும், புதிதாகக் கடைந்த சிலிண்டரைச் சில நாள் பூப்போல ஓட்டிப் பழக்க வேண்டும் என்பது சாஸ்திரம். மறுநாள் விடிவதற்கு முன் காசிமேட்டில் நிற்க வேண்டியவனுக்கு அந்தச் சாஸ்திரம் கட்டுப்படியாகாது. மாலையில் பூட்டுகிறார்கள், காலையில் முழுப் பாரம். ஆகவே மறுபடியும் சீக்கிரமே தேய்கிறது.

சாமான் கிடைக்காததற்கும் காரணம் உண்டு. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, இரண்டு வீச்சு என்ஜின்களின் காலம் முடிந்தது. 2009-ல் பஜாஜ் கம்பெனியார் ஸ்கூட்டர் செய்வதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார்கள். 2019-ல் சேதக் என்ற பெயர் திரும்பி வந்தது. ஆனால் அது மின்சார வண்டி. அதில் தேய்வதற்குப் பிஸ்டனும் இல்லை, புதுப்பேட்டைக்கு விட்டுச் செல்லச் சிலிண்டரும் இல்லை.

இனி வழக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டிராபிக் ராமசாமி என்று ஒருவர் இருந்தார். பாரிமுனையில் தாமாகவே நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்ததால் ஏற்பட்ட பெயர். என்ஜின் வைத்த மீன்பாடி வண்டிகளை எதிர்த்து அவர் சென்னை ஹைகோர்ட்டில் வழக்காடித் தடை வாங்கினார். குப்பத்தில் அவரை நல்லவர் என்று சொன்னவர்கள் குறைவு. 2021-ல் அவர் காலமானார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மிதிவண்டிக்காகச் செய்த பிரேக், என்ஜின் வேகத்தோடு இருநூறு கிலோவை நிறுத்தாது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. இந்த வண்டிக்குப் பதிவு கிடையாது. என்ஜினில் பொறித்த எண், என்றோ உடைந்துபோன ஸ்கூட்டருக்குச் சொந்தம். பதிவில்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. தெருவோரம் நடந்து போகிற கிழவி மேல் அது மோதினால், அவளுக்கு நஷ்ட ஈடு கொடுக்க வண்டிக்காரனிடம் மீன் பெட்டியைத் தவிர வேறொன்றும் இராது. அந்தக் கிழவியும் அதே குப்பத்துக்காரியாக இருப்பாள். சட்டம் ஏழைக்கு விரோதமானது என்று கோஷம் போடுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பதிவு பெற்ற வண்டிகளையே கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாகத் திருத்தக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

ஆனால் தடை போட்டவர்கள் வேறு வண்டி கொடுத்தார்களா என்று கேட்டால், அதற்குப் பதில் நெடுங்காலம் கிடைக்கவில்லை. தடையும் இருந்தது, வண்டியும் ஓடியது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கிச் சீனிவாசபுரத்தை வாரிக்கொண்டு போனபோது, படகோடும் வலையோடும் பிழைப்பும் போயிற்று. அப்படி விழுந்தவர்கள் எழுந்து நிற்கையில், புது வண்டிக்குப் பணம் கட்டுகிற நிலையிலா இருந்திருப்பார்கள்? 2024-ல் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். மேடை புதிது, கூரை புதிது. மீன் வந்து சேரும் வழியைப் பற்றி எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் பேசக் காணோம்.

சட்டம் ஒத்துக்கொள்கிற வழி ஒன்று 2014-ல் பிறந்தது. மின்சாரப் பார வண்டிக்கென்று மத்திய சர்க்கார் விதிகள் செய்தார்கள்: 310 கிலோ சுமை, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். மீன்பாடி வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று தோன்றும் அளவுகள்! பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். பாட்டரிப் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். விலை என்ன என்று வண்டிக்காரர் கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டு, என்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் பைக் என்ஜின்தான் என்று முடிவாயிற்று. விசிறி இல்லாத என்ஜின். ஊர்ந்தால் சூடேறும் என்று பட்டறைக்காரர் முன்கூட்டியே எச்சரித்தார். கழற்றிய பழைய என்ஜினைப் பையன் ஒருவன் தராசுக்கு எடுத்துப் போனான். அலுமினியக் கூட்டுக்கு ஒரு விலை. சிலிண்டர் இரும்புக்கு வேறு விலை.