அறிவாற்றல் நடத்தை சிகிச்சை

மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றுக்கு மருந்துடனோ மருந்தின்றியோ தரப்படும் பேச்சுவழிச் சிகிச்சை, ஆங்கிலத்தில் சுருக்கமாக சி.பி.டி. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) 1960களில் இதற்கு அடித்தளமிட்டார். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற அவர், மனச்சோர்வு உள்ளவர்கள் தம்மைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் சட்டென எழும் கசப்பான எண்ணங்களை அப்படியே நம்பிவிடுவதைக் கவனித்தார். உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களிலேயே இதையொத்த முறையைக் கையாண்டிருந்தார்.

எடுத்துக்காட்டாக, தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்தும் பேசாமல் போகிறார். ‘என்னை அவருக்குப் பிடிக்கவில்லை’ என்று மனம் முடிவுகட்டுகிறது. சிகிச்சையில் இதைத் தாளில் எழுதச் சொல்வார்கள்: நடந்தது என்ன, தோன்றியது என்ன, வருத்தம் நூற்றுக்கு எவ்வளவு, அந்த எண்ணத்துக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன. அவர் கவனிக்காமலே போயிருக்கலாம் என்பதும் அதில் ஏறும். பிறகு வருத்தத்துக்கு மறுபடி மதிப்பெண் இட வேண்டும். ‘நல்லதையே நினை’ என்ற அறிவுரையோடு இதைக் குழப்புவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. இங்கே எண்ணத்துக்கு இனிப்புப் பூசுவதில்லை, அது உண்மைதானா என்று சோதிக்கிறார்கள்.

அமர்வுகள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, சில மாதங்கள் நடக்கும். கடும் மனச்சோர்வில் மருந்தும் சேர்த்தே தரப்படுவது வழக்கம்.