கல்லறைக்கு அருகே ஒரு கழிமுகம்

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், இறந்தோரை நினைவுகூர நம்மில் பலர் குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறோம். பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செபித்துத் திரும்புகிறோம். அவ்விடத்திற்குத் 'தீவு' என்னும் பெயர் வந்தது ஏன் என்று நாம் கேட்பதில்லை. அடையாற்றின் கழி ஒரு காலத்தில் அந்நிலத்தைச் சூழ்ந்திருந்ததன் அடையாளம் அது.

ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிவரும் அடையாறு, சீனிவாசபுரத்திற்கும் ஊரூர் குப்பத்திற்கும் இடையே கடலைச் சேர்கிறது. ஓதம் ஏறும்போது உப்புநீர் உள்ளே வருகிறது. இறங்கும்போது ஆற்றுநீர் வெளியேறுகிறது. கழிமுகத்தின் மூச்சே அதுதான். கண்டல் மரத்தின் இலை சேற்றில் விழுகிறது. நண்டு அதைக் கிழித்துத் தின்ன, எஞ்சியதை நுண்ணுயிர்கள் மட்கச் செய்கின்றன. அந்த மட்கை உண்டு இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்கின்றன. அவற்றைத் தேடிக் கொக்கும் மீன்கொத்தியும் வருகின்றன. பறவைகளின் எச்சம் மீண்டும் கண்டலின் வேருக்கு உரமாகிறது. வளர்ந்த மடவை கடலுக்குச் சென்று முட்டையிட, அதன் குஞ்சுகள் மறுபடியும் கழியை நாடுகின்றன. குப்பத்து மீனவர் வீட்டு அடுப்பும் இச்சங்கிலியின் ஒரு கண்ணியே.

கழிக்கு வரும் நன்னீர், மேலேயுள்ள ஏரிகளை நம்பியது. அவற்றுள் ஒன்று நம் கண்முன்னே மறைந்தது. இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருக்கும் தியாகராய நகர்ப் பக்கம், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி ஒரு பெரிய ஏரி நீண்டு கிடந்தது. 1920களில் வீட்டுமனைகளுக்காக அதைத் தூர்த்தார்கள். பிட்டி தியாகராயரின் பெயரால் புதிய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு, இல்லாத ஏரியை இன்றும் பெயரில் சுமக்கிறது. தூர்த்தவர்களைக் குறை கூறுவது எளிது. பெருகிவந்த மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் நீரைக் கண்டார்கள். நீரோடு பிணைந்திருந்தவற்றைக் காணவில்லை.

கழியிலும் அதுவே நிகழ்ந்தது. குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டன, சாக்கடை கலந்தது. சாந்தோமிலும் மந்தைவெளியிலும் வாழ்ந்த நாமும், நாற்றம் வராதிருந்தால் போதுமென்று சன்னலைச் சாத்திக்கொண்டோம். ஆற்றின் ஓட்டம் குன்றியபோது முகத்துவாரத்தில் மணல் திட்டு வளர்ந்தது. ஓதம் நுழையும் வழி குறுகியது. 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. பெருமழையும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் அதன் உடனடிக் காரணங்கள். தங்கிச் செல்ல இடமின்றி அலைந்த நீர், பல தலைமுறைகளாக நாம் சேர்த்து வைத்த காரணம்.

ஆயினும் அறுந்த கண்ணியைச் சிறிதளவேனும் பிணைக்க முடியும் என்பதற்குக் கல்லறைக்கு அருகிலேயே சான்று உண்டு. 1990களில் குடிமக்கள் சிலர் கழியைக் காக்க நீதிமன்றம் சென்றனர். 2011இல் அங்கே 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. குப்பையை அகற்றி, நீர்ப்பரப்பை விரித்து, கண்டலும் நாட்டு மரங்களும் நட்டார்கள். பறவைகளை எவரும் அழைத்து வரவில்லை. நீரும் நிழலும் இரையும் கூடியதும் அவை தாமே வந்தன.

அடுத்த நவம்பரில் ஏற்றிய மெழுகுவர்த்தி எரியும் வரை சற்றே நின்று, கழியின் பக்கம் திரும்பிப் பார்ப்போம். நம் முன்னோர் உறங்கும் மண், ஆறும் கடலும் சேர்ந்து கொண்டுவந்து படியவைத்த வண்டல். அந்த நீரைச் சாக்கடை என்று இனி நாம் சொல்லலாகாது.