நூறு கண்ணி, 66 அடி

நில அளவைச் சங்கிலி மறைந்துவிட்டது. எந்தத் தேதியில் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. சேலத்தையொட்டிய அயோத்தியாப்பட்டணத்தைச் சுற்றியுள்ள காடுகளிலும் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தரையில் ஊர்ந்து கிடந்த பொருள் அது. இன்று கோதண்டராமர் கோயிலிலிருந்து வாழப்பாடி சாலையில் எவ்வளவு தூரம் போனாலும் எந்த வரப்பிலும் அதைப் பார்க்க முடியாது. சர்வேயர் வருகிறார். மூன்று கால் நிறுத்தி, அதன்மேல் காளான் குடை போன்ற ஒரு கருவியை வைக்கிறார். இன்னொரு கருவியைக் கம்பில் மாட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நடக்கிறார். திரையைத் தொடுகிறார். அளந்து முடிந்துவிட்டது என்கிறார்.

இந்த இரங்கல் அந்தச் சங்கிலிக்கு. அதோடு போன இன்னொன்றுக்கும்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதைப் பார்த்திராத இளையவர்களுக்காக முதலில் அதன் உடலைச் சொல்லிவிட வேண்டும். தடித்த இரும்புக் கம்பித் துண்டுகள் நூறு. ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. சர்வே மொழியில் லிங்க், ஊர்வாயில் லிங்ஸ். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே சிறு வளையங்கள். இரண்டு முனையிலும் பித்தளைக் கைப்பிடி. பத்துப் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்தாவது கண்ணியில் ஒரு பல், இருபதில் இரண்டு பல், முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு, நடுவில் ஐம்பதுக்கு உருண்டை. மறுமுனையிலிருந்தும் அதே வரிசை. எழுத்து தெரியாதவரும் பல்லைத் தடவிப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். இழுத்துப் பிடித்தால் 66 அடி. அள்ளி மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் கட்டு.

இதைச் செய்தவர் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர். பாதிரியாரும் கணித அறிஞருமான அவர் லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியராக இருந்தவர். 1620-ல் அவர் வகுத்த கணக்கு இது. 66 அடி என்ற எண் முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் பத்து சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் பெருக்கினால் சரியாக ஒரு ஏக்கர். எண்பது சங்கிலி ஒரு மைல். ஆயிரம் சதுர லிங்ஸ் ஒரு சென்ட். ஒரு துண்டுக் காடு 250 லிங்ஸ் நீளம், 120 லிங்ஸ் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 30,000. கடைசி மூன்று சைபரை விட்டால் 30 சென்ட். காகிதம் வேண்டாம், வரப்பில் நின்றபடியே சொல்லிவிடலாம். நாம் இன்று பிளாட் விலை பேசும் சென்ட் முழுக்க முழுக்கச் சங்கிலியின் வாரிசு. 435.6 சதுர அடி என்ற அந்த ஒழுங்கற்ற எண்ணின் பிறப்பிடம் அதுவே. கிரிக்கெட் பிட்ச்சின் 22 கஜமும் ஒரு சங்கிலிதான். 2020-ல் வாழப்பாடிப் பக்கம் திறந்த மைதானத்தில் இரண்டு ஸ்டம்புகளுக்கு நடுவே கண்டரின் சங்கிலி நீளம் இப்போதும் கிடக்கிறது.

தமிழ் நிலத்துக்கு அளவு புதிதல்ல. ராஜராஜ சோழன் காலத்திலேயே நாடு முழுவதும் கோல் கொண்டு அளந்தார்கள். முதலாம் குலோத்துங்கன் மறுபடி அளந்தான். வெள்ளையர் வந்தபின் கோல் போய் இரும்பு வந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, அவர் வேண்டாமென்றதால் இந்தியா வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயிலில் எஃகு நீளும் என்பதற்காகத் தெர்மாமீட்டர் வைத்து, மரப்பெட்டிகளில் கிடத்தி அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களாகப் பிணைத்த பெரும் அளவை அந்தக் கோட்டில்தான் தொடங்கியது.

சேலத்தின் கதை அதற்கும் முந்தியது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக நடந்து அளந்து, உழுகிறவனோடு நேராகத் தீர்வை பேசினார்கள். ரயத்துவாரி முறையின் தொட்டில் இந்த மண். ஜமீன்தாரின் வாய்க்கணக்கை நம்பாமல் ஒவ்வொரு காட்டுக்கும் தனியாக ஓர் எண், தனியாக ஓர் அளவு, தனியாக ஒரு பெயர் என்ற ஏற்பாடு வரி வசூலுக்காகவே வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் பட்டா என்ற காகிதம் சாதாரணக் குடியானவன் பெட்டிக்குள் வந்த வழியும் அதுதான்.

சங்கிலி இழுக்கிற நாள் ஊருக்கே ஒரு விசேஷ நாள்தான். முன்கூட்டியே பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். காலையில் சர்வேயர், நிலத்தின் எல்லையும் அளவும் குறித்த புலப்படத்தோடு வந்து இறங்குவார். கூடவே செயின்மேன், தலையாரி, 1980-க்கு முன்னால் என்றால் கர்ணம். முதல் வேலை கல் தேடுவது. மரவள்ளிக்குள்ளும் கிழுவை வேலியடியிலும் புதைந்துபோன எல்லைக்கல் எங்கே என்று ஆண்கள் வாதாடிக்கொண்டிருப்பார்கள். களை வெட்டும்போது கொத்து மோதிய இடத்தை நினைவு வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருவர் வந்து நேராகக் காட்டிவிடுவார். இதை எந்த அளவைக் கையேடும் சொல்லாது. எங்கள் பக்கம் நிலத்தின் உண்மையான பதிவேடு அந்தப் பெண்கள்தான் என்று நான் திடமாக நம்புகிறேன்.

கல் கிடைத்ததும் சங்கிலியை உதறி விரிப்பார்கள். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். முன் ஆள் கையில் பத்து இரும்புக் குச்சிகள். சங்கிலி முழுதாக நீண்ட இடத்தில் ஒரு குச்சியைக் குத்திவிட்டு நகர்வார். பின் ஆள் அதைப் பிடுங்கிக்கொண்டே வருவார். அவர் கையில் எத்தனை குச்சி சேர்ந்திருக்கிறதோ அத்தனை சங்கிலி. எண்ணுவது அவர் மட்டுமல்ல. இந்தப் பக்கத்துப் பங்காளி எண்ணுவார், அந்தப் பக்கத்துப் பங்காளியும் எண்ணுவார், வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்களும் எண்ணுவார்கள். குத்துக்கோடு எடுக்க கிராஸ் ஸ்டாஃபை நட்டு, அதன் பிளவு வழியே சர்வேயர் பார்க்கும்போது, “ஐயா, நானும் ஒருக்கா பார்த்துக்கறேன்” என்று நிலத்துக்காரர் கேட்பார். பார்க்கவும் விடுவார்கள். பார்த்தால் புரியும். பிளவுக்கு நேராகக் கல் தெரிகிறதா இல்லையா, அவ்வளவுதான் விஷயம். கடைசியில் அத்துக் காட்டி, கல் நட்டு, எல்லோரிடமும் கையெழுத்தோ ரேகையோ வாங்குவார்கள். தோற்றவருக்குக் கோபம் இருக்கும். ஆனால் அளவு எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியும்.

சங்கிலியோடு போனது என்று சொன்னேனே, அது இதுதான். அளவு நிலத்துக்காரன் கண்முன் பிறந்தது. எண்ணத் தெரிந்த யாரும் அதற்குச் சாட்சி.

இறந்தவரின் குறைகளை மறைப்பது மரியாதை ஆகாது. சங்கிலியில் குறைகள் நிறைய. வளையங்கள் இழுத்து இழுத்து நெகிழும், சங்கிலி நீளும். சங்கிலி நீண்டால் நிலம் குறைந்து காட்டும். 66 அடிச் சங்கிலி நான்கே அங்குலம் நீண்டுபோனால் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ ஒரு சென்ட் கணக்கிலிருந்து காணாமல் போகும். கண்ணி முறுக்கிக்கொண்டாலோ வளையத்தில் களிமண் அடைத்தாலோ சங்கிலி குறுகும், நிலம் கூடும். நாற்பதின் வில்லைக்கும் அறுபதின் வில்லைக்கும் பல் நான்கேதான்; நடு உருண்டைக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கத் தவறினால் இருபது லிங்ஸ் பிசகும். சேர்வராயன் அடிவாரச் சரிவுகளில் படிப்படியாகத் தூக்கிப் பிடித்து அளக்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கும் தவறு. ஓடை, கிணறு, முள்வேலி எல்லாம் தடை. வேண்டுமென்றே தளர்த்திப் பிடித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது அவ்வளவு சுலபமில்லை என்பது மட்டுமே அதற்கு இருந்த காவல்.

சாவு ஒரே நாளில் வரவில்லை. 1956-ன் எடை அளவுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. 20 மீட்டர், 30 மீட்டர்ச் சங்கிலிகள் வந்தன. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டத்தில் பட்டாக்கள் ஹெக்டேருக்கும் ஏருக்கும் மாறின. பிறகு டேப், அதன்பின் டோட்டல் ஸ்டேஷன், இப்போது செயற்கைக்கோள். சிவில் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் மட்டும் சர்வே வகுப்பில் சங்கிலியை இன்னும் தொடுகிறார்கள்.

புதிதாக வந்த டி.ஜி.பி.எஸ். கருவியை நான் குறைசொல்ல மாட்டேன். இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தோடு ஒப்பிட்டுப் பிழையைக் கழித்துக்கொள்வதால், திறந்த வெளியில் அது சென்டிமீட்டர் கணக்கில் சரியாகச் சொல்லும். எந்தச் சங்கிலியாலும் அது முடியாது. கவலை வேறோர் இடத்தில். சேலத்தையொட்டி அயோத்தியாப்பட்டணத்தின் காடுகள் பிளாட்டுகளாகப் பிரிகின்றன. தரகர்களும் வாங்க வருகிறவர்களும் கைபேசி ஆப்பைத் திறந்து, நிலத்தைச் சுற்றி நடந்து, இத்தனை சென்ட் என்று அந்த இடத்திலேயே பேசி முடிக்கிறார்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். திறந்த வானத்தின் கீழேயே ஏறத்தாழ 5 மீட்டர் பிசகக்கூடியது. 5 மீட்டர் என்றால் 16 அடி. முப்பதுக்கு நாற்பது பிளாட்டில் முகப்பே முப்பது அடிதான். தென்னந்தோப்புக்குள்ளும் கட்டடங்களுக்கு நடுவிலும் பிசகு இன்னும் கூடும். வழி கண்டுபிடிக்கச் செய்த கருவியை வேலி போட நம்புகிறோம்.

கோல்ஃப் விளையாட்டில் இதே மாற்றம் இன்னும் யோசனையோடு நடந்தது. 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் போன்ற பழைய மைதானங்களில், கொடிக்கு இன்னும் எத்தனை கஜம் என்று காற்றையும் சரிவையும் பார்த்துச் சொல்வது பை சுமக்கும் கேடியின் தொழில். இன்று கைக்கடிகாரமும் ஆப்பும் சொல்லிவிடுகின்றன. ஆனால் விதி வகுப்பவர்கள் இதை ஒரேயடியாக உள்ளே விடவில்லை. 2006-ல் விரும்பும் இடங்களில் மட்டும் உள்விதி வைத்துத் தூரம் அளக்கலாம் என்றார்கள். 2019-ல்தான் பொதுவாக அனுமதித்தார்கள். அப்போதும் கருவி தூரத்தை மட்டும் சொல்லலாம், சரிவைக் கணக்கிட்டு ஆலோசனை சொல்லக்கூடாது என்று எல்லை வைத்தார்கள். ஓர் ஆட்டத்துக்குக் காட்டிய இந்த நிதானம், ஒரு குடும்பத்தின் சோற்று நிலத்தை அளப்பதில் நமக்கு இல்லை.

2018 ஜூனை அயோத்தியாப்பட்டணம் ஒன்றியத்துக்காரர்கள் மறக்கவில்லை. சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைக்காக அடிமலைப்புதூர், குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி, ராமலிங்கபுரம் என்று ஊர் ஊராக அளந்து கல் நட்டார்கள். போலீஸ் காவலோடு நடந்த அளவை அது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் அழுதார்கள், சிலர் கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முறைப்படி புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்றது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. நான் பார்ப்பது அந்தக் கல்லை. அதே வகைக் கல்லைத் தங்கள் வரப்பில் பூ வைக்காத குறையாகக் காத்தவர்கள் இந்தக் குடியானவர்கள். 1923-ன் நில அளவை எல்லைச் சட்டம் எல்லைக்கல்லைப் பராமரிப்பதை நிலத்துக்காரரின் கடமையாகவே வைத்திருக்கிறது. தன் முன்னால், தன் சம்மதத்தோடு அளந்து நட்ட கல்லை எந்த விவசாயியும் பிடுங்குவதில்லை. தனக்குப் புரியாத அளவில், தன்னைக் கேட்காமல் வந்த கல் அவருக்கு வெறும் அத்துமீறல்.

சங்கிலி திரும்ப வராது, வரவும் வேண்டாம். அதைச் சுற்றி நின்ற கூட்டமும் அந்தக் கூட்டம் எண்ணிய எண்ணிக்கையும் வேண்டும். கருவி எது வந்தாலும், அளந்து முடித்த இடத்திலேயே நான்கு பக்க நீளத்தையும் அடியிலும் மீட்டரிலும் உரக்கப் படித்து, தமிழில் எழுதி, சர்வேயர் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. உங்கள் காட்டை அளக்க நாள் குறித்தால் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே நில்லுங்கள். புலப்படத்தின் நகலை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசின் இணைய சேவையில் அது கிடைக்கிறது. பழைய படத்தில் எண்கள் லிங்ஸில் இருந்தால் 0.66-ஆல் பெருக்குங்கள், அடி வந்துவிடும். பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டு, ஒரு டேப்பின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து, கல்லுக்குக் கல் இழுத்துப் பாருங்கள். வீட்டுப் பெண்களை அழைத்துக் கல் இருக்கும் இடத்தைக் கேளுங்கள். டேப்பின் எண்ணும் சர்வேயரின் எண்ணும் ஒத்துப்போனால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.