தடையே தடமாகிய வரலாறு

1660ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் இறைச்செய்தி வழங்கச் சென்ற ஜான் பனியன் கைது செய்யப்பட்டார். 1628இல் எல்ஸ்டோ என்னும் ஊரிற் பிறந்த அவர், பழுதுற்ற பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. கல்லூரி வாயிலை மிதியாதவர். அரசு ஏற்ற திருச்சபையின் ஒழுங்குக்குப் புறம்பாகக் கூட்டம் நடத்தினார் என்பதே குற்றச்சாட்டு.

மூன்று மாதம் என விதிக்கப்பட்ட தண்டனை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது. இனிப் பிரசங்கம் செய்வதில்லை என வாக்களித்திருந்தால் சிறைக்கதவு திறந்திருக்கும். அவ்வாக்கை அவர் அளிக்கவில்லை.

அவ்வுறுதியைப் போற்றுவோர் அதன் விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மறைந்த முதல் மனைவியின் மக்கள் நால்வர் வீட்டில் இருந்தனர். அவர்களுள் மேரி பார்வையற்றவள். கருவுற்றிருந்த இரண்டாம் மனைவி எலிசபெத், கணவர் கைதான அதிர்ச்சியில் மகவை இழந்தார். 1661இல் அவர் நீதிபதிகள் முன் நின்று கணவருக்காக வாதாடியும் பயன் விளையவில்லை. பார்வையற்ற மகளின் நினைவே தம் நெஞ்சைப் பெரிதும் வாட்டியதாகப் பனியன் எழுதியுள்ளார். துன்பத்தை இன்பமென்று அவர் பெயர் மாற்றி அழைக்கவில்லை.

சிறையில் அவர் கைக்கு எட்டியவை சிலவே. முனையில் பூணிட்ட நாடாக்களைச் செய்து விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். விவிலியமும், ஃபாக்ஸ் எழுதிய இரத்தசாட்சிகள் வரலாறும் உடனிருந்தன. மேடை பறிபோனபின் எழுதுகோல் மிஞ்சியது. 1666இல் அவரது ஆன்ம வரலாறு வெளிவந்தது. 1672இல் விடுதலை பெற்றார். 1678இல் 'மோட்சப் பிரயாணம்' அச்சேறியது. அதன் தொடக்கம் சிறையிலேயே நிகழ்ந்தது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. கனவு காண்பவன் துயிலும் குகை சிறையையே குறிக்கும் என நூலின் ஓரக்குறிப்பும் உரைக்கிறது.

தம் விலங்குகளே நற்செய்தி பரவத் துணையாயின எனப் பவுல் அடிகள் பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதினார். தடையை நன்மையென்று கொள்ளுமாறு இக்கிறித்தவ நோக்கு வற்புறுத்துவதில்லை. அழைத்தவர் தடைக்கு அப்பாலும் அழைக்கின்றார் என நம்பி, எஞ்சியதைக் கொண்டு பணியைத் தொடரவே கற்பிக்கிறது. அப்பணியின் பொருள் செய்பவருக்கு உடனே புலப்படுவதில்லை. நாடா முடைந்த கைகளுக்குத் தம் நூலின் நெடும்பயணம் தெரிந்திருக்க வழியில்லை.

அப்பயணம் நெல்லைச் சீமையையும் எட்டியது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பனியனின் கதையைத் தழுவி, கம்பனில் தோய்ந்த தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியம் படைத்தார். அது 1894இல் வெளிவந்தது. ஒரு சிற்றூர்க் கூட்டத்தில் அடக்கப்பட்ட குரல், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழ் விருத்தங்களில் ஒலித்தது.