பூந்தமல்லியும் இருபத்தொன்பதாம் நம்பர் ஃபாரமும்

பூந்தமல்லி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பஸ் ஸ்டாண்டு. பைபாஸ் நெரிசல். பெங்களூர் போகிற ரோடு. அவ்வளவுதானே?

ஆனால், இந்தியாவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின் ஜாதகம் முழுக்க அந்த ஊர் தனி நீதிமன்றத்தில் இருக்கிறது. தடா வழக்கு அங்கே நடந்தது. பொடா வழக்கு அங்கே நடந்தது. இன்றைக்கு என்.ஐ.ஏ. வழக்குகளும் அங்கேதான். இந்தச் சட்டங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சங்கதியை மட்டும் இந்த வாரம் பிடித்துக்கொண்டு போவோம். வண்டி!

1985 மே மாதம். டெல்லியில் பஸ்களிலும் ரயில்களிலும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி டிரான்சிஸ்டர்கள் கிடந்தன. ஆசையாக எடுத்துத் திருகினால் வெடித்தன. அதே மாதம் தடா வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று வந்த விருந்தாளி, 1987-ல் மறு அவதாரம் எடுத்து 1995 வரை தங்கிவிட்டார்.

வெடிகுண்டு, டைனமைட், விஷம், நச்சுவாயு என்று தடா ஒரு பட்டியல் போட்டிருந்தது. பட்டியலில் வண்டி கிடையாது. ஆனால், 1993 மார்ச் 12-ம் தேதி மும்பையில் 257 பேரைக் கொன்ற குண்டுகளில் பல, ரோட்டோரம் நிறுத்திய கார்களிலும் ஸ்கூட்டர்களிலும்தான் வந்து சேர்ந்தன.

அதே வருடம் செப்டம்பரில் டெல்லி இளைஞர் காங்கிரஸ் அலுவலகத்துக்கு வெளியே ஒரு கார் வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். குறி வைக்கப்பட்டவர் மணிந்தர்ஜித் சிங் பிட்டா. உயிர் தப்பினார். தப்பியவர் சும்மா இருக்கவில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். என்ன கேட்டு? துப்பாக்கி கேட்டு அல்ல. தூக்குக் கேட்டும் அல்ல. நம்பர் பிளேட் கேட்டு!

சிரிக்காதீர்கள். யோசித்துப் பாருங்கள். குண்டு வைக்கிறவனுக்கு முதலில் என்ன வேண்டும்? யார் பேரிலும் இல்லாத ஒரு வண்டி. திருட்டு வண்டி, அல்லது பொய் நம்பர் மாட்டிய வண்டி. நம் ஊர் நம்பர் பிளேட்டை யார் வேண்டுமானாலும் கடையில் எழுதி வாங்கி, ஸ்க்ரூ டிரைவரால் மாட்டிவிடலாம் என்றால் அவன் வேலை பாதி முடிந்தது.

அதனால்தான் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் என்ற விதியை மத்திய அரசு 2001-ல் கொண்டுவந்தது. அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த தனி எண், உடைத்தால்தான் கழற்ற முடியும் என்கிற பூட்டு. அருமையான யோசனை. பிறகு? டெண்டர் தகராறு, கோர்ட் கேஸ், மாநிலங்களின் தூக்கம். பிட்டாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கெடு மேல் கெடு வைத்தது. கடைசியில் 2019 ஏப்ரல் 1-லிருந்துதான் புது வண்டிகள் எல்லாம் அந்தப் பிளேட்டோடு வெளியே வர ஆரம்பித்தன. பதினெட்டு வருடம்!

நம்பர் பிளேட் விதி குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, 2001 டிசம்பர் 13 அன்று ஒரு வெள்ளை அம்பாசிடர், உள்துறை அமைச்சகத்தின் போலி ஸ்டிக்கரோடு நாடாளுமன்ற வளாகத்துக்குள் ஜம்மென்று நுழைந்தது. மூன்றே மாதத்தில், நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியது. தடாவின் அதே பட்டியல். கூடவே ஒரு வால்: 'வேறு எந்த வழியில் செய்தாலும்'. இப்போது கார் என்ன, கட்டை வண்டிகூட அடங்கும்.

ஆனால், அந்தச் சட்டத்தில் தமிழ்நாட்டில் பிரபலமாகச் சிக்கியது யார்? கார் குண்டுக்காரன் அல்ல. திருமங்கலம் மேடையில் பேசியதற்காக 2002 ஜூலையில் வைகோ கைதானார். வேலூர் சிறைக்கும் பூந்தமல்லி கோர்ட்டுக்குமாக 19 மாதம் போயிற்று. பொடா 2004-ல் ரத்தானது.

தடா கதை இதைவிட விசித்திரம். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28-ல் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த வருடம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே விட்டது. கூடவே, 'இந்த வழக்குக்குத் தடா பொருந்தவே பொருந்தாது' என்றும் சொல்லிவிட்டது. எந்தச் சட்டத்துக்காக அந்தக் கோர்ட்டோ, அந்தச் சட்டமே செல்லவில்லை!

மும்பை 2008 தாக்குதலுக்குப் பிறகு, பொடாவின் அந்த வால் 'உபா' சட்டத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டது. 2016-ல் பிரான்சின் நீஸ் நகரில் ஒருவன் குண்டே இல்லாமல், வாடகை லாரியை ஏற்றியே 86 பேரைக் கொன்றதைப் பார்க்கும்போது வால் தேவைதான் என்று தோன்றும். வைகோவின் 19 மாதத்தை நினைத்தால் பயமாகவும் இருக்கும். இரண்டும் நியாயமே.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடிகாலை. கோவை உக்கடத்தில் கோயிலுக்கு எதிரே கேஸ் சிலிண்டரோடு ஒரு கார் வெடித்து, ஓட்டி வந்தவர் இறந்தார். பல கை மாறிய பழைய கார் அது. வழக்கு என்.ஐ.ஏ.வுக்குப் போய், பூந்தமல்லிக்கு வந்தது. போலீஸ் முதலில் செய்தது என்ன? ஒவ்வொரு கையாகத் தேடிப் போனதுதான்.

பழைய வண்டி வியாபாரிகள் பதிவு பெற வேண்டும், கைக்கு வந்த வண்டியை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரலில் அமலானது. கோவைக்காகப் போட்ட விதி அல்ல. வரைவு அதற்கு முன்பே தயார். ஆனாலும் பாதுகாப்பு என்னவோ இந்தச் சலிப்பூட்டும் காகிதங்களில்தான் இருக்கிறது.

டிஎன் 12 பூந்தமல்லியோ டிஎன் 13 அம்பத்தூரோ, வண்டியை விற்றீர்களா? மோட்டார் வாகனச் சட்டப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் இருபத்தொன்பதாம் நம்பர் ஃபாரம். 'அதெல்லாம் வாங்கினவர் பாத்துக்குவார்' என்று விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் பேர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பழைய ஓனர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. ஏதாவது வெடித்தால், முதலில் தட்டப்படும் கதவும் உங்களுடையதுதான்.